ஏழு அங்குலம் உயர்ந்த அக்கரைச் சுவர்

நான் ஆசிரியராக வேலை பார்த்த கல்லூரியிலிருந்து போன மாதம் ஓர் இளம் விரிவுரையாளர் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சுற்றறிக்கை. இனிமேல் பொறியியல் மாணவர்கள் ஏட்டுப் படிப்போடு நிற்கக் கூடாது, ஏதாவது ஓர் ஊரின் தேவையை எடுத்துக்கொண்டு தங்கள் கையாலேயே ஒன்றைச் செய்து முடிக்க வேண்டும், அதற்கு மதிப்பெண் உண்டு என்று அதில் போட்டிருந்தது. "புதுமையான முறை சார், நீங்க மாணவர்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரணும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் பிறப்பதற்கு முன்பே இந்தப் புதுமையில் மாட்டிக்கொண்டு திருதிருவென்று முழித்தவன் நான். எழுதித் தருகிறேன், ஆனால் நாலு வார்த்தையில் அடங்காது என்றேன். காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

நாங்கள் படித்த காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சுதந்திரம் வந்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது. நாஞ்சில் நாடு அப்போது திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. எங்கள் கல்லூரியில் பொறியியல் என்றால் கரும்பலகையும் வரைபலகையும்தான். மூன்றாம் வருடத்துக்குள் நான் காகிதத்தில் பதினொரு பாலம் கட்டியிருந்தேன். ஒரு சட்டி சுண்ணாம்புச் சாந்து குழைத்தது கிடையாது. கையில் மசிக்கறை உண்டு, காய்ப்பு இல்லை. அதில் எனக்குப் பெருமை வேறு.

எங்களை வெயிலில் இறக்கிவிட்டவர் ஞானமுத்து சார். மார்த்தாண்டத்துக்காரர். பத்து வருடம் வாய்க்கால், மதகு என்று அலைந்துவிட்டுப் பாடம் சொல்லித்தர வந்தவர். ஒல்லியான ஆள். கோபம் வந்தால் மற்றவர்களுக்குக் குரல் உயரும், அவருக்குக் குரல் இறங்கும். காது கொடுத்துக் கேட்க வேண்டிய அளவுக்கு இறங்கிவிட்டால் நாங்கள் தொலைந்தோம் என்று அர்த்தம். எதைச் சொன்னாலும் அவரிடமிருந்து ஒரே கேள்விதான் வரும்.

"வாய்க்கால் அகலம் எத்தனை?"

"நாலடி சார்."

"அளந்ததா, நினைச்சதா?"

நினைத்தது என்று ஒப்புக்கொண்டால் திட்ட மாட்டார். நாடாவை எடுத்து நீட்டுவார். வாய்க்கால் மூன்று மைல் தள்ளி இருந்தாலும் போய் அளந்துவிட்டுத்தான் வர வேண்டும்.

அந்த வருடம் தோவாளைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்த மனுவை அவர் வகுப்பில் படித்தார். கீரிப்பாறை மலையிலிருந்து இறங்கும் ஓடை ஒன்று ஊரை இரண்டாக வெட்டிக்கொண்டு போகிறது. இக்கரையில் அணைத் தண்ணீர் வரும் வாய்க்கால் இருக்கிறது. அக்கரை வயல்கள் மழையை நம்பி ஒரு பூ, அதாவது வருடத்துக்கு ஒரு போகம் மட்டும் விளைகின்றன. ஓடைக்கு மேலே ஒரு தொட்டி வைத்துத் தண்ணீரைக் கடத்தினால் அங்கேயும் இரண்டு பூ எடுக்கலாம். சர்க்காரிடம் பணம் இல்லை. "அந்தத் தொட்டிய நாம கெட்டுவோம்" என்றார் சார். கல்லூரியின் பெரிய தலைகள் சிரித்ததாகக் கேள்விப்பட்டோம். பிள்ளைகள் கட்டியது விழுந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டார்களாம். "நான்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாராம். இந்த ஒரு தடவைதான், சரிவராவிட்டால் இனி மாணவர்கள் வாசலைத் தாண்டக் கூடாது என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது.

வேலை இதுதான். இக்கரையில் ஒரு தாங்கு சுவர், ஓடை நடுவில் ஒரு தூண், அக்கரையில் ஒரு தாங்கு சுவர். இந்த மூன்றின் மேலே அயனி மரப் பலகையில் செய்த இரண்டு நீளத் தொட்டிகள். இக்கரையிலிருந்து அக்கரைக்குத் தொட்டியின் அடித்தளம் மொத்தமாக மூன்று அங்குலம் இறங்க வேண்டும். அந்த மூன்று அங்குலத்தை நம்பித்தான் தண்ணீர் போகும்.

ஓடைக்கரை முழுவதும் தாழையும் மூங்கிலும் அடைத்துக் கிடந்ததால் ஒரு கரையிலிருந்து மறுகரையைக் கருவியால் பார்க்க முடியவில்லை. அதனால் இக்கரையில் ஒரு பாறையில் குறி வெட்டி, அதற்கு நூறு அடி மட்டம் என்று வைத்துக்கொண்டு, சாலைப் பாலம் வழியாகச் சுற்றிப்போய், அக்கரையில் இன்னொரு பாறைக்கு மட்டத்தைக் கொண்டுசேர்க்க வேண்டும். மட்டம் பார்ப்பது தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒருவன் கருவியில் கண் வைப்பான். இன்னொருவன் அடிக்கணக்கு எழுதிய, அடியில் இரும்புப் பூண் போட்ட நீளக் கோலை நட்டுப் பிடிப்பான். ஓர் இடத்தில் கோலைப் பார்த்து எழுதிவிட்டு, கருவியைத் தூக்கி முன்னால் கொண்டுபோய், அதே இடத்தில் இருக்கும் கோலைத் திரும்பிப் பார்க்க வேண்டும். 'அதே இடம்' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கோல் ஒரு விரற்கடை நகர்ந்து மேடு பள்ளம் மாறினாலும் அதற்கப்புறம் எழுதும் அத்தனையும் பிசகும். போய்ச்சேர்ந்த பிறகு வேறு வழியாக மட்டம் பார்த்துக்கொண்டே திரும்பி வந்து, தொடங்கிய பாறையில் நூறு வருகிறதா என்று சரிபார்க்க வேண்டும்.

கருவியும், அளவு எழுதும் புத்தகமும் என் பொறுப்பு. கோல் பிடிக்க இரண்டு பேர். அருமனைக்காரன் செல்லப்பன், கடற்கரையிலிருந்து வந்த இன்னாசி. காலையில் செல்லப்பன், சாப்பாட்டுக்குப் பிறகு இன்னாசி.

மாலையில் திரும்பி வந்துசேர்ந்ததும் கணக்குப் போட்டேன். நூறு வர வேண்டிய இடத்தில் தொண்ணூற்று ஒன்பது புள்ளி நாலு வந்தது. ஓர் அடியில் பத்தில் ஆறு பங்கு குறைகிறது. அங்குலத்தில் ஏழுக்குக் கொஞ்சம் மேல். மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது, கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். புத்தகத்தில் திரும்பி வந்த வழியின் ரீடிங் ஒன்று நாலு புள்ளி ஒன்று மூன்று என்று இருந்தது. அந்தக் காலத்துக் கருவியில் எல்லாம் தலைகீழாகத் தெரியும். ஏழை ஒன்று என்று பார்த்திருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒன்றின் தலையில் ஒரு கோடு இழுத்தேன். நாலு புள்ளி ஏழு மூன்று ஆயிற்று. கணக்கு நூறுக்கு நூறாக மூடிக்கொண்டது. கையெழுத்துப் போட்டுச் சாரிடம் கொடுத்தேன்.

கோடை விடுமுறையில் கட்டடம் எழுந்தது. வகுப்பை இரண்டாகப் பிரித்து, இக்கரைச் சுவரும் தூணும் ஒரு கூட்டத்துக்கு, அக்கரைச் சுவர் இன்னொரு கூட்டத்துக்கு. ஒவ்வொரு கூட்டமும் தன் பக்கத்துப் பாறையிலிருந்து உயரம் அளந்து கட்டியது. சார் எங்களுக்குக் கொத்தனார் வைக்கவில்லை. ஒரே ஒரு மேஸ்திரி, அவரும் கையைக் கட்டிக்கொண்டு நின்று வாயால் சொல்ல மட்டும் அனுமதி. முதல் வாரம் நாங்கள் கட்டிய செங்கல் வரியைச் சார் காலால் தள்ளினார், விழுந்தது. இரண்டாம் வாரம் தள்ளினார், அவர் கால்தான் வலித்தது. "கொள்ளாம்" என்று மெச்சினார். என் கையில் கொப்புளம் உடைந்து சுண்ணாம்பு பட்டு எரிந்ததை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை, அவ்வளவு சந்தோஷம். காகிதத்தில் ஒரு கோடு இழுத்தால் கோடு. இங்கே அதே கோடு ஆள் உயரத்துக்கு எழுந்து நிழல் விழுத்தி நிற்கிறது. நான் தினமும் அதைத் தொட்டுப் பார்த்தேன்.

அக்கரையில் பதினாறு வீட்டாருக்கு நிலம். அதில் எங்களை நம்பியது ஒருத்தி மட்டும்தான். பெயர் தங்கம்மை. நாற்பது வயது இருக்கும். புருஷன் மலைத் தோட்டத்தில் வேலைக்குப் போய்விட, குத்தகை நிலத்தைத் தனியாகப் பார்த்துவந்தாள். மற்றவர்கள் தண்ணீர் வந்தால் பார்ப்போம் என்று இருந்தபோது, அவள் ஓடையில் குடத்தால் மொண்டு ஊற்றி நாற்றங்கால் போட்டுவிட்டாள். ஜூன் தொடக்கத்தில் அணை திறக்கும். அன்றைக்குத் தொட்டியில் தண்ணீர் வந்தால் முதல் போகமான கன்னிப்பூ நடவு. வராவிட்டால் நாற்று முற்றி மாட்டுக்குத்தான் ஆகும். விதைநெல்லை அவள் அண்ணன் வீட்டிலிருந்து கேட்டு வாங்கி வந்திருந்தாள் என்பது எங்களுக்குத் தெரியும்.

"ஏன்க்கா, நாங்க கெட்டி முடிப்போம்னு எப்பிடி நம்புனியோ?" என்று இன்னாசி ஒருநாள் கேட்டான்.

"உங்க சாரு காலால தள்ளிப் பாக்காருல்லா, அதப் பாத்தேன் மக்கா" என்றாள்.

அணை திறக்க ஒன்பது நாள் இருக்கும்போது தொட்டிகளை ஏற்றினோம். முதல் நீளம் இக்கரைச் சுவரிலிருந்து தூணுக்கு அழகாக உட்கார்ந்தது. இரண்டாவது நீளத்தைத் தூணிலிருந்து அக்கரைச் சுவருக்கு வைத்தோம். பலகை இடுக்குகளில் தென்னந்தும்பு என்ற தேங்காய் நாரை எண்ணெயில் தோய்த்து அடைத்தது இன்னாசி. மீன்பிடி வள்ளத்துக்கு அடைக்கிற கை அது. எல்லாம் முடிந்ததும் தங்கம்மை ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்தாள். முதலில் அவள் ஊற்றட்டும் என்றார் சார். தூணுக்கு மேலே நின்று அக்கரைத் தொட்டியில் ஊற்றினாள். தண்ணீர் நாலடி போயிற்று, நின்றது, பிறகு மெதுவாகத் திரும்பி எங்கள் பக்கம் ஓடி வந்தது.

தங்கம்மை வெறும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, "சாரே, தண்ணி வந்த வழியே போகுதே" என்றாள்.

நான் இழுத்த கோடுதான் காரணம் என்று எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. குனிந்து பலகை இடுக்கைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தேன்.

அக்கரைச் சுவரில் இரண்டு வரி செங்கலை எடுத்தால் தீர்ந்தது என்று மாணவர்கள் கம்பியைத் தூக்கினார்கள். சார் தடுத்தார். "அக்கரை பொங்கியிருக்கா, இக்கரை தாந்திருக்கா? எங்க பெசகுச்சுன்னு தெரியாம ஒரு கல்லத் தொடக் கூடாது. இக்கரை தாந்திருந்தா அதையும் இடிக்கணும்." அவர் சொன்னது நியாயம். இரண்டு நாள் ஓடைக்கரையில் உட்கார்ந்து என் புத்தகத்தை வரிவரியாகச் சரிபார்த்தார். கூட்டல் சரி. கழித்தல் சரி. மூடின கணக்கு நூறுக்கு நூறு. இரண்டாம் நாள் மாலை என்னைக் கூப்பிட்டு, கேட்கவே முடியாத குரலில் சொன்னார்:

"தாணு, நானும் பத்து வருஷம் மட்டம் பாத்தவன். இத்தற தூரம் சுத்தி வந்தா ஒரு நெல்லுக்கனமாவது பெசகும். உனக்கு ஒண்ணுமே பெசகல்ல. நீ கெட்டிக்காரன்தான், என்ன?"

"ஆமா சார்" என்றேன். ஆமாம் என்றுதான் சொன்னேன். எழுதும்போதும் கூசுகிறது.

அவர் என்னைப் பார்த்தார். நாற்றங்காலில் நின்ற தங்கம்மையிடம் போனார். நானும் பின்னால் போனேன். அங்கே தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "அம்மா, கணக்குல பெசகிப்போச்சு. என் கணக்கு. நாள் போதுமான்னு எனக்குச் சொல்ல முடியல்ல. வேற யாருக்காவது நாத்தக் குடுக்க முடியும்னா குடுத்துருங்க. வெதைக்குள்ள நெல்ல நான் தந்திருகேன்."

தங்கம்மை குனிந்து ஒரு நாற்றைப் பிடுங்கி, வேர் மண்ணைத் தட்டிப் பார்த்து, திரும்ப அதே குழியில் நட்டாள். சார் அப்படியே நின்றார். எங்கள் கல்லூரியில் அத்தனை பேரும் பயப்படும் மனிதர், செய்யாத தப்புக்கு வரப்பில் தலைகுனிந்து நிற்கிறார்.

"சார், நான் ஒரு ரீடிங்க மாத்துனேன்" என்றேன். "ஒண்ண ஏழாக்கிட்டேன். மூடல்ல, அதனால."

அவர் திரும்பினார். நான் அடி விழும் என்று எதிர்பார்த்தேன். "எத்தனை மூடல்ல?"

"பாயின்ட் ஆறு."

"அளந்ததா, நினைச்சதா?"

"அளந்தது சார்."

"அப்ப வா. இனி கண்டுபிடிச்சிரலாம்" என்றார். கோபித்துக்கொள்ளக்கூட நேரம் ஒதுக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் அதே வழியை அதே ஆட்களோடு திரும்ப நடந்தோம். யார் எந்த இடத்தில் கோல் பிடித்தார்களோ அவர்களே பிடிக்க வேண்டும், முன்பு எப்படிப் பிடித்தார்களோ அப்படியே. சாலையோரம் ஒரு வேப்பமரத்தடியில் முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு கல். மஞ்சள் பூசி, எண்ணெய் வழிந்து கறுத்திருந்தது. இசக்கியம்மன் கல். முன்பு அந்த இடத்தில்தான் நாங்கள் சாப்பாட்டுக்கு நிறுத்தியிருந்தோம். காலையில் செல்லப்பன் பிடித்தான், கருவி முன்னால் நகர்ந்தது, சாப்பிட்டுவிட்டு இன்னாசி பிடித்தான்.

"பிடி" என்றார் சார் செல்லப்பனிடம். அவன் கோலைக் கல்லை ஒட்டித் தரையில் ஊன்றினான்.

"இப்ப நீ பிடி" என்றார் இன்னாசியிடம். அவன் கோலைத் தூக்கிக் கல்லின் உச்சியில் வைத்தான்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"லேய், அம்மன் தலையில இரும்பக் கொண்டு வைப்பாங்களாலே?" என்றான் செல்லப்பன்.

"ஒறப்பான கல்லு பாத்து வைக்கணும்னுல்லா சாரு படிப்பிச்சாரு? இது வெறுங் கல்லுன்னு நெனச்சேன்" என்றான் இன்னாசி. அவனுக்கு முகம் வெளுத்துவிட்டது. கருவியடியில் நின்ற எனக்கு அன்றைக்குப் புல்லுக்கு மேலே கோலின் எண்கள் மட்டும்தான் தெரிந்திருந்தன.

சார் நாடாவை எடுத்துக் கல்லின் உயரத்தை அளந்தார். புள்ளி ஆறு அடி. நாடாவைச் சுருட்டாமல் அப்படியே சிறிது நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். ஒருவன் பக்தியில் செய்தது சரி, இன்னொருவன் பாடத்தில் செய்தது சரி. இரண்டு சரியும் சேர்ந்து அரை மைலுக்கு அப்பால் ஒரு சுவரை ஏழு அங்குலம் தூக்கிவிட்டன. அந்தப் பிழையை இந்தப் புத்தகம் அன்றைக்கே கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறது. அதன் வாயை நான்தான் பொத்தினேன்.

இக்கரையில் பிசகு இல்லை என்று உறுதியாயிற்று. அக்கரைச் சுவரில் இரண்டு வரியும் சொச்சமும் எடுக்க வேண்டும். முதல் செங்கலைச் சார் பெயர்த்தார், இரண்டாவதை நான். எங்கள் கையால் கட்டியது, லேசில் வரவில்லை. புதுச் சாந்து இறுக நாள் வேண்டும், மலையில் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. தங்கம்மையும், இதுவரை வேடிக்கை பார்த்த நாலு வீட்டுக்காரர்களும் தென்னையோலை கொண்டுவந்து சுவருக்குக் கூரை போட்டார்கள். இன்னாசி அந்தக் கல்லுக்கு ஒரு குப்பி எண்ணெய் வாங்கிக் கொடுத்ததாகப் பின்னால் கேள்விப்பட்டேன். தொட்டியைத் திரும்ப ஏற்றி, இரண்டு முனையையும் களிமண்ணால் அடைத்துத் தண்ணீர் நிரப்பச் சொன்னார் சார். இக்கரையில் நீர் ஆழம் நாலு அங்குலம், அக்கரையில் ஏழு. வேண்டிய மூன்று அங்குல இறக்கம் வந்துவிட்டது. நாடாவை நான்தான் பிடித்தேன். சார் என் விரலையும் நாடாவையும் மாறிமாறிப் பார்த்தார்.

அணை திறந்த மூன்றாம் நாள் காலை வாய்க்காலில் தண்ணீர் வந்தது. முதலில் ஒரு சலசலப்பு. பிறகு சருகும் நுரையும் எறும்புமாக, செம்மண் நிறத்தில், கைப்பிடி உயரத்துக்கு ஒரு நீர். சார் மதகுப் பலகையைத் தூக்கச் சொன்னார். நீர் தொட்டிக்குள் நுழைந்தது. நாங்கள் எல்லாரும் ஓடைக்குள் இறங்கி, தலையை அண்ணாந்து, தொட்டிக்கு அடியிலேயே நடந்தோம். பலகைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் போகும் சத்தம் கேட்டது. எங்கள் தலைக்கு மேலே ஓர் ஆறு போனது. தூணுக்கு வந்தது. இணைப்பில் ஒரு கணம் தயங்கியது. பிறகு தாண்டியது. அக்கரையில் தங்கம்மை வாய்க்கால் முனையில் குத்தவைத்து உட்கார்ந்து, வந்த தண்ணீரில் இரண்டு கையையும் வைத்து, நகராமல் அப்படியே இருந்தாள். இத்தனை வருட வேலையில் எவ்வளவோ பெரிய கட்டடங்களைப் பார்த்துவிட்டேன். அன்றைக்குப் போல எதன் அடியிலும் நான் அண்ணாந்து நடந்ததில்லை. தண்ணீர் ஒருவருக்காகவும் பொய் சொல்லாது, ஆனால் ஒழுங்காகக் கேட்டால் எங்கே வேண்டுமானாலும் வரும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அன்று மாலையே நடவு தொடங்கியது.

கல்லூரி திறந்ததும் செய்முறை மதிப்பெண் பட்டியல் ஒட்டினார்கள். செல்லப்பனுக்கும் இன்னாசிக்கும் நல்ல மதிப்பெண். என் பெயருக்கு நேரே தோல்வி. வருடத்தைத் திரும்பப் படிக்க வேண்டும். அறைக்குப் போய் நின்றேன். சார் எழுதிக்கொண்டிருந்தார்.

"தொட்டி செரியாயிட்டு. புத்தகம் செரியாகல்ல. ரெண்டும் வேற வேற, மனசிலாச்சா?" என்றார். மனசிலாயிற்று. வீட்டில் அப்பாவிடம் சொல்லத்தான் இரண்டு வாரம் ஆயிற்று.

மறுவருடம் புதிய வகுப்போடு நானும் உட்கார்ந்தேன். நிபந்தனை எல்லாம் காற்றில் போய்விட்டது, அந்த வருடமும் மாணவர்கள் வெளியே போகலாம் என்று அனுமதி வந்திருந்தது. முதல் நாளே சார் அனைவரையும் பஸ்ஸில் ஏற்றித் தொட்டிக்குக் கூட்டிப்போனார். தண்ணீர் நிறைந்து போய்க்கொண்டிருந்தது. அக்கரை முழுவதும் பச்சை. பையன்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். சார் என் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினார்.

"இதக் கெட்டுனவன்ல ஒருத்தன் இவன். எங்க பெசகுச்சுன்னு இவன் சொல்லுவான். கேட்டுக்கிடுங்க."

சொன்னேன். கல்லில் தொடங்கி, செல்லப்பன், இன்னாசி என்று போய், ஒன்றை ஏழாக்கிய கோடு வரைக்கும் சொன்னேன். ஒரு பையன் கை தூக்கினான்.

"அண்ணே, அந்தக் கோட்ட இழுக்கும்போ கை நடுங்கல்லியா?"

நடுங்கியது என்று சொல்லியிருக்கலாம். கேட்பவர்களுக்கு நன்றாக இருந்திருக்கும். சாரைப் பார்த்தேன். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல" என்றேன். "நடுங்கவே இல்ல."

"எழுதிக்கிடுங்க" என்றார் சார். நாற்பது பேரும் குனிந்து எழுதினார்கள். அதுதான் நான் எடுத்த முதல் வகுப்பு.